முகம் பார்த்த காசு

பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்கள் சிரிக்கக் கூடாது. இரண்டு காதும் தெரிய வேண்டும், வாயை மூடியிருக்க வேண்டும், கண் நேராகப் பார்க்க வேண்டும். ரஷ்யாவுக்குக் கூலி வேலைக்குப் போகிற ஒவ்வொருவனிடமும் இதைச் சொல்லிச் சொல்லி சோனுனுக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது. அவர்களில் யார் சிரித்தார்கள், இவள் தடுப்பதற்கு? பிஷ்கெக் நகரத்து ஓஷ் பஜாரின் மேற்கு வாசலை ஒட்டி அவள் கடை. கடை என்று மரியாதைக்குச் சொல்வதுதான். தகரத்தால் அடித்த ஒரு பெட்டி, அதற்குள் ஒரு வெள்ளைத் துணி, ஒரு முக்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஐம்பத்தைந்து வயதில் முட்டி வலியோடு ஒரு சோனுன். ஆகஸ்ட் மாதத்து வெயிலில் உள்ளே அப்பளம் பொரிக்கலாம்.

அன்று காலை நான்காவது ஆள் எழுந்து போனதும், ஒரு பெண் உள்ளே வந்து முக்காலியில் உட்காராமல் நின்றாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. குழந்தையின் முகத்தைத் தலைத்துணியால் மூடியிருந்தாள்.

"உக்காரும்மா. பிள்ளைக்கும் சேர்த்தா?" என்றாள் சோனுன், நிமிராமலே.

"என்னைத் தெரியலையாக்கா? என் மூஞ்சியை ஊர் பூரா ஒட்டி வெச்சிருக்கீங்க, உங்களுக்கே தெரியலையா?"

சோனுன் நிமிர்ந்தாள். தெரிந்தது. உலர்ந்த தயிர் உருண்டை விற்கிற வரிசையில், கடைசிப் பலகையில் கடை போட்டிருப்பவள். பேர் மட்டும் தெரியாது.

ஜூன் மாதம் எடுத்த படம் அது. வாழைப்பழம் வந்த அட்டைப் பெட்டிக்குள் குழந்தையைப் போட்டுப் பலகைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தவள், ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியாக விழுந்த வெளிச்சம் நேராக அந்த இரண்டு முகத்திலும் விழுந்தது. பிள்ளை அவள் தலைத்துணியைப் பிடித்து இழுக்க, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு வெளிச்சம் வருஷத்துக்கு ஒரு முறை கிடைத்தால் அதிகம். முப்பது வருஷம் பத்திரிகைக்குப் படம் எடுத்த சோனுனின் கை சும்மா இருக்குமா?

சோனுனுக்கு ஒரு வித்தை உண்டு. பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத வித்தை. ஒரு பச்சைப் பிள்ளையை முதல் முறை பார்க்கிறவர்கள் வெறும் கையோடு பார்க்கக் கூடாது, அதன் மடியில் ஏதாவது வைக்க வேண்டும். முகம் பார்த்த காசு. அந்த ஊரில் கொடுக்காதவரும் இல்லை, வேண்டாம் என்று சொல்கிறவரும் இல்லை. மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது. சோனுன் முதலில் நோட்டைப் பிள்ளையின் மடியில் செருகுவாள், "நூறு வயசு இருடா ராசா" என்பாள், அந்தக் கையோடு கேமராவைத் தூக்கிவிடுவாள். இப்போதுதான் பிள்ளையை வாழ்த்திக் காசு வைத்தவளிடம் எந்தத் தாய் முகத்தைத் திருப்புவாள்? யாரும் திருப்பியதில்லை. இவளும் திருப்பவில்லை; மறுபடி அதே வெளிச்சத்தில் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள்.

அந்தப் படத்தைக் குழந்தைகளுக்கான கஞ்சி மாவு விற்கிற ஒரு கம்பெனி விளம்பரத்துக்கு வாங்கிக்கொண்டது. ஒரு தாளும் நீட்டினார்கள். "படத்தில் இருப்பவரின் சம்மதம் பெறப்பட்டதா?" என்று அதில் ஒரு கேள்வி. சோனுன் ஒரு நிமிஷம் யோசித்தாள். காசு வாங்கிக்கொண்டாளா? வாங்கிக்கொண்டாள். படம் எடுக்கும்போது பேசாமல் இருந்தாளா? இருந்தாள். "வாய்மொழிச் சம்மதம். அன்பளிப்பு வழங்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இப்படி எத்தனையோ தாள்.

"என்னம்மா இப்ப? படம் நல்லாத்தானே வந்திருக்கு" என்றாள் சோனுன். "அன்னிக்குக் காசு வாங்கிக்கிட்டியே."

"எதுக்கு வாங்கினேன்? படத்துக்கா வாங்கினேன்? எம் பிள்ளை முகம் பார்த்ததுக்குக் குடுத்தீங்க. அதை வேண்டாம்னு எந்தப் பெத்தவளாவது சொல்லுவாளா? நீங்க வெளியூர்க்காரியா, முறை தெரியாதுன்னு விட? நம்ம ஜனந்தானே நீங்க? தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

சோனுன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெரிந்துதான் செய்தாள்.

அந்தப் பெண் அப்போதுதான் முக்காலியில் உட்கார்ந்தாள். பேர் மீரிம், புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலை, மாமியார் வீடு கோச்கோர் மலைப்பக்கம் என்று சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கோச்கோர் வேன் ஸ்டாண்டுலயும் அந்த விளம்பரப் பலகையை வெச்சிட்டாங்களாம்க்கா. என் மாமியா கண்ணுல பட்டா என் கதை முடிஞ்சுது" என்றாள்.

"ஏன், பேரன் படந்தானே, பார்த்தா சந்தோசப்படப் போறாங்க."

"பேரன் இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது."

அதற்கு மேல் சோனுனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தலைச்சன் பிள்ளை தாத்தா வீட்டுக்கு என்பது அந்த ஜனத்தின் வழக்கம். மருமகள் பெற்றுக் கொடுத்துவிட வேண்டும். அது பெரியவர்களை அம்மா அப்பா என்றும், பெற்றவர்களை அண்ணன் அண்ணி என்றும் கூப்பிட்டு வளரும். பெற்றவள் அடுத்ததைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டியது. மீரிமுக்கு அது ஆகவில்லை. வயிற்றில் பிள்ளையோடு பிஷ்கெக்குக்கு வந்தவள், தையல் கம்பெனியில் வேலை என்று சொல்லிவிட்டாள். பிரசவத்துக்கு அப்புறம் போனில், "பிள்ளை தங்கலை அத்தே" என்று ஒரு பொய். வாய் கூசாமல் சொன்னேன் என்று இப்போது சொல்லும்போது அவள் வாய் கோணியது.

"அவருக்குத் தெரியும். அக்டோபர்ல வர்றாரு. வந்து ரெண்டு பேரையும் அங்கே கூட்டிட்டுப் போயிடறேன்னு சொல்லியிருக்காரு. இன்னும் ரெண்டே மாசம்க்கா. ரெண்டு மாசம் இந்த உலகம் எங்களைப் பார்க்காம இருந்தாப் போதும்னு இருந்தேன். நீங்க தூக்கி விளம்பரப் பலகையில வெச்சிட்டீங்க."

"எங்கேயாவது போய் இரேன் அதுவரைக்கும்."

"எங்கே போக? சித்தி வீட்டு மூலையில படுத்துக் கிடக்கேன். இந்தக் கடைப் பலகையை விட்டா சோத்துக்கு வழியில்ல. நான் பஜார்ல இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியாது, அது ஒண்ணுதான் தைரியம். யாராவது வந்து கேட்டா என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க. அந்தப் படத்தையும் எறக்கச் சொல்லுங்க. உங்க கால்ல வேணும்னா விழறேன்."

"சீ, எழுந்திரு. யாரு வந்து கேட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். போதுமா?"

அவள் போன பிறகு சோனுன் கதவைச் சாத்தாமலே தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள். அவளும் கொடுத்தவள்தான். இருபத்து மூன்று வயதில், நாற்பது நாள் முடிந்ததும், மாமியார் கையில் தலைச்சனைக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள். அவனுக்கு இப்போது முப்பத்திரண்டு. ரஷ்யாவில், கசான் நகரத்தில் இருக்கிறான். வருஷப் பிறப்புக்குப் போன் பண்ணி, "அண்ணி, நல்லா இருக்கீங்களா?" என்பான். மரியாதையான பிள்ளை, குறை சொல்ல முடியாது. அப்புறம் பிறந்த இரண்டு பெண்கள் அவளை அம்மா என்றார்கள். அவன் அண்ணி என்றான். பழகிவிட்டது என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் ரெனாத் என்ற இளவட்டம். "அக்கா, சம்மதம் வாங்கிட்டேன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? இப்ப இல்லேன்னா, பொய் சொன்னேன்னு எழுதிக் குடுங்க. இறக்கறோம். ஆனா இனிமே உங்க படம் எதையும் எங்க ஆளுங்க தொட மாட்டாங்க. மத்தவங்களுக்கும் சொல்லிடுவாங்க. யோசிச்சுக்குங்க" என்றான்.

சோனுன் யோசித்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஒரு ராத்திரி யோசித்தாள், மறுநாள் முட்டி வலி என்று யோசித்தாள், அதற்கு அடுத்த நாள் மூன்று கல்யாண ஆல்பம் முடிக்க வேண்டும் என்று யோசித்தாள். களைத்துப் போனவர்களுக்கு ஒத்திப்போட ஆயிரம் காரணம் கிடைக்கும். நான்காம் நாள் காலை ஒரு வழியாக உட்கார்ந்து எழுதினாள். "நான் அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. கேட்டதாக எழுதியது பொய். இனி அவள் சம்மதம் இல்லாமல் இந்தப் படத்தை யாருக்கும் தர மாட்டேன்." எழுதி அனுப்பியதும் மனசு கொஞ்சம் லேசாயிற்று. ஒரு டீ போட்டுக் குடித்தாள்.

டீக் கோப்பையைக் கீழே வைக்கும்போது ஒரு அம்மாள் வாசலில் நின்றாள். அறுபத்தைந்து இருக்கும். வெள்ளைத் தலைத்துணி, பயணத்துக்குப் போட்ட வெல்வெட் மேல்கோட்டு, கையில் ரொட்டி மூட்டை. வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"வாங்கக்கா, பாஸ்போர்ட் படமா?"

"இந்த வயசுல நான் எந்த நாட்டுக்குப் போகப் போறேன், தங்கச்சி? நீ எடுத்த படம் ஒண்ணைப் பத்திக் கேக்க வந்தேன். கஞ்சி மாவுக் கம்பெனிக்குப் போன் பண்ணினேன், உன் கடையைச் சொன்னாங்க." போனை எடுத்து நீட்டினாள். கோச்கோர் வேன் ஸ்டாண்டில், விளம்பரப் பலகையில், மீரிம் சிரித்துக்கொண்டிருந்தாள். "எம் பேரு புபுசாரா. இது என் மருமவ. இது எம் பேரன்."

சோனுன் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "உங்க மருமவளா? இருக்காதுக்கா. இது நாலு வருசத்துக்கு முந்தின படம். இந்த பஜார் இல்ல, தெக்கே, ஓஷ் ஊர்ப் பக்கம் எடுத்தது. யாரோ எவரோ, பேருகூடத் தெரியாது" என்றாள்.

அந்த அம்மாள் சண்டைக்கு வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் காதைப் பாரு. எம் மவனுக்கு அப்படித்தான், மடிஞ்ச காது. என் வீட்டுக்காரர் போன வருசம் போயிட்டாரு. பிள்ளை தங்கலைன்னு மருமவ சொன்னா. நான் அந்தப் பிள்ளைக்காக எண்ணெய்ச் சட்டி வெச்சு மாவு பொரிச்சேன், தங்கச்சி. செத்தவங்களுக்கு வெக்கிற மாதிரி. பேர்கூட வெக்காத பிள்ளைக்கு என்னன்னு சொல்லி வேண்டுறது? 'என் கண்ணே'ன்னு சொல்லி வேண்டிக்கிட்டேன். இப்ப வேனை விட்டு இறங்கறேன், எதிர்க்க சிரிக்குது."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், துணி முனையால் கண்ணை ஒற்றிக்கொண்டே. சோனுனுக்கு அவள் மேல் கோபம் வர மறுத்தது. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

"உங்க பேரன் இல்லக்கா. நான் சொல்றேன்ல."

"சரி, இல்லைன்னே வெச்சுக்குவோம்." புபுசாரா மூக்கைச் சிந்தினாள். "உன்னை ஏன் தொந்தரவு பண்ணணும். ஒண்ணு செய். யாரு பிள்ளையா இருந்தா என்ன, அழகா இருக்கு. ஒரு பிரதி போட்டுக் குடு. வீட்டுச் சுவத்துல மாட்டிக்கறேன். காசு எவ்வளவுன்னு சொல்லு."

சோனுனின் கை பழக்கத்தில் கம்ப்யூட்டர் பக்கம் போனது. படத்தைத் திறக்கவும் செய்தாள். அப்புறம் காலையில் எழுதின தாள் ஞாபகம் வந்தது. இனிமேல் இல்லை என்று கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் மறுபடியுமா? முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவளுக்கு அந்த விஷயத்தில் ரோஷம் வந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"முடியாதுக்கா, மன்னிச்சுக்குங்க. கேக்காம எடுத்துட்டேன், அது என் தப்பு. இனிமே அந்தப் பொண்ணு சம்மதம் இல்லாம நான் யாருக்கும் குடுக்கறதா இல்ல. அவளே வந்து வேண்டாம்னு சொல்லிட்டா."

புபுசாராவின் கண் காய்ந்துவிட்டது.

"யாரு வந்து சொன்னா?"

சோனுன் வாயை மூடினாள். மூடி என்ன பிரயோஜனம்.

"பேருகூடத் தெரியாதுன்னியே. நாலு வருசத்துக்கு முந்தி ஓஷ் பக்கம் பார்த்தவ எப்ப வந்து வேண்டாம்னு சொன்னா? நேத்தா, முந்தா நேத்தா?" அவள் எழுந்து, திரையில் திறந்து கிடந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். பலகையும், அதில் குவித்த தயிர் உருண்டையும், தொங்குகிற சாக்கும், ஓட்டை விழுந்த தகரக் கூரையும். "இந்தக் கூரைதானே வெளியே இருக்கு? இவ தையல் கம்பெனியில இல்ல. இங்கேதான் தயிர் உருண்டை வித்துக்கிட்டு இருக்கா." மூட்டையை எடுத்துக்கொண்டாள். "நல்ல மனசு தங்கச்சி உனக்கு. சம்மதம் கேக்கற மனசு." குத்தலாகச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா, சோனுனுக்கு விளங்கவில்லை. அந்த அம்மாள் வெளியே போய்விட்டாள்.

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு சோனுன் ஓடினாள். ஓட்டம் என்ன ஓட்டம்! முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். கறிக்கடை வரிசை வழியாகப் போனால் பாதி தூரம். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். பாவி, பொய் சொல்ல ஆரம்பிச்சவ முழுசாச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரு பிரதியை நீட்டியிருந்தா அந்தம்மா மாட்டிக்கிட்டு ஊரைப் பார்க்கப் போயிருப்பாங்களே!

மீரிம் பலகைக்குப் பின்னால் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சோனுன் மூச்சு வாங்க, "எந்திரி, ஓடு. உன் மாமியா" என்றாள்.

"நீங்களா சொன்னீங்க?"

"ஆமா. வேணும்னு இல்ல. ஆமா."

மீரிம் கரண்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். அதற்குள் வரிசையின் மறுமுனையில் வெள்ளைத் தலைத்துணி தெரிந்தது. முதல் பலகைக்காரியிடம் அவள், "மீரிமோட மாமியா, பேரனைப் பார்க்க வந்திருக்கேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேரும் சந்தோஷமாகக் கையை நீட்டி வழி காட்டினார்கள்.

கூச்சல் ஒன்றும் இல்லை. புபுசாரா வந்தாள், பிள்ளையை வாங்கினாள், உச்சி முகர்ந்தாள், மடிந்த காதை முத்தமிட்டாள். "உசிரோட இருக்கிற பிள்ளைக்கு எண்ணெய்ச் சட்டி வெக்க வெச்சிட்டியேடி" என்று மட்டும் சொன்னாள். பிள்ளை அவள் கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகியது.

"அத்தே, தப்புதான். அவரு வர்ற வரைக்கும், ரெண்டு மாசம் விட்டுடுங்க."

"விட்டா மறுபடி எங்க ஒளிச்சு வெப்பியோ. கஞ்சி குடிக்கிறான்ல? வீட்டுல மாட்டுப்பாலு இருக்கு. நீ இன்னும் பத்துப் பெத்துக்க, நான் ஒண்ணையும் கேக்க மாட்டேன். தலைச்சன் எங்க வீட்டுக்கு. நானும் அப்படித்தான் குடுத்தேன்."

பக்கத்துப் பலகைக்காரிகள் தலையாட்டினார்கள். பெரியவங்க ஆசையா கேக்கறாங்க, கொடுத்துடும்மா, அவங்களும் தனியாத்தானே இருக்காங்க என்றார்கள். நல்லவர்கள்தான் எல்லாரும்.

"குடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள் சோனுன். "நான் குடுத்தவ. முப்பத்திரண்டு வருசமா எம் மவன் என்னை அண்ணின்னு கூப்பிடறான்."

புபுசாரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லபடியா வளர்ந்தானா?"

"வளர்ந்தான்."

"அப்புறம் என்ன தங்கச்சி?"

சோனுன் குனிந்து, கீழே கிடந்த கஞ்சிக் கரண்டியை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

புபுசாரா மகனுக்குப் போன் போட்டு, இரண்டு வார்த்தை பேசி, அழுது, போனை மீரிமிடம் கொடுத்தாள். எதிர்முனையில் ஏதோ இயந்திரம் ஓடுகிற இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் எல்லாருக்கும் கேட்டது. "அம்மா அழறாங்க மீரிம். இப்ப குடுத்துடு. நான் வந்து பேசிக்கறேன்."

"வந்து என்ன பேசுவே?" என்றாள் மீரிம். பதில் வருவதற்குள் போனை மாமியார் கையில் கொடுத்துவிட்டாள். அவள் உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போனதைப் போலத் தோள் இரண்டும் தொங்கின. குனிந்து, அட்டைப் பெட்டியிலிருந்து பிள்ளையின் சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து ஒரு பையில் வைத்தாள். கஞ்சிக் கரண்டியைத் துடைத்து அதையும் வைத்தாள். அவசரப்படவே இல்லை. புபுசாராவும் அவசரப்படுத்தவில்லை.

பையை நீட்டுவதற்கு முன், "அத்தே, ஒரு நிமிசம்" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு சோனுனிடம் திரும்பினாள்.

"ஒரு படம் எடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எங்கிட்ட ஒரு படம்கூட இல்ல."

"கேமராவைக் கடையில விட்டுட்டு வந்துட்டேன். இதோ, ஓடிப் போய்..."

"உங்க கேமராவுல வேண்டாம். என் போன்ல எடுங்க."

கீறல் விழுந்த பழைய போன். சோனுன் அதை இரண்டு கையாலும் பிடித்தாள். மீரிம் பிள்ளையின் கன்னத்தோடு கன்னம் வைத்து, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிறவர்களைப் போல நேராகப் பார்த்தாள். அமுக்குகிற நேரம் பார்த்துப் பிள்ளை பாட்டி பக்கம் தலையைத் திருப்பிவிட்டது. படத்தில் தாயின் முகம் தெளிவாக இருந்தது. பிள்ளை இருந்த இடத்தில் ஒரு கலங்கல்.

"அசைஞ்சிடுச்சு" என்றாள் சோனுன். "இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

மீரிம் பிள்ளையை மாமியார் கையில் கொடுத்தாள். அப்புறம் போனுக்காகக் கையை நீட்டினாள்.

"வேண்டாம்க்கா" என்றாள்.

சோனுன் போனை அவள் கையில் வைத்தாள்.